வைக்கோல் சந்தும் மூன்று உயிரும்

1

நான் அந்நியன் என்பதை வருடத்துக்கு ஒருமுறை நினைவூட்டக் காஞ்சிபுரத்தில் ஒரு மேஜை இருக்கிறது. மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கே இன்னொரு பேருந்து பிடித்து, அந்த மேஜையின் முன்னால் நின்று, இந்த நாட்டில் இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளலாமா என்று கேட்க வேண்டும். பினாங்கு நண்பர்கள் சிலர் இதை நம்ப மறுக்கிறார்கள். தமிழனுக்குத் தமிழ்நாட்டில் அனுமதியா என்று எழுதிக் கேட்கிறார்கள். அனுமதிதான். புகைப்படம், கடவுச்சீட்டின் நகல், வீட்டுக்காரரின் ஒப்புதல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் வேண்டும். வீட்டுக்காரர் என் மைத்துனர் ஏகாம்பரம். என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று அவர் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போடுகிறார். ஒரு வருடம் மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்ப கெஞ்சுவீங்க இல்ல மாமா, அத பாக்கத்தான் காத்துக்கினு கீறேன்" என்றார்.

பினாங்கில் நகராட்சி உரிமப் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். மற்றவர்களின் காகிதத்தில் குறை கண்டுபிடித்தே ஓய்வூதியம் வரைக்கும் வந்தவன் என்பதால் என் காகிதத்தில் குறை இருக்காது. காஞ்சிபுரத்து எழுத்தருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

"எல்லாம் கரெக்டா கீது சார். உங்கள மாதிரி நாலு பேரு வந்தா எங்களுக்கு வேலையே இல்ல." முத்திரையைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். "ஆமா, போன வருசம் உங்க பையன் வந்தாரே, பதிவு பண்ண. வீடியோ கேம் பார்க்கு கட்டப் போறேன்னு சொன்னாரு. என் பசங்க ஒரு வருசமா கேட்டுக்கினே கீறாங்க. எப்ப சார் தொறக்கிறாரு?"

"திரும்பிப் போய்விட்டான்" என்றேன்.

"அப்ப பார்க்கு?"

"அதுவும்தான்."

முத்திரை விழுந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது, அந்தக் குழந்தைகளுக்காவது நடந்ததைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவர்களுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது என் மனைவி காமாட்சிக்காக. அவள் மண்ணூரில் பிறந்தவள். கல்யாணமாகிக் கப்பல் ஏறி வந்து, பினாங்கில் என்னோடு ஒரு குறையும் சொல்லாமல் வாழ்ந்தாள். நான் ஓய்வு பெற்ற மறுவாரம், "உங்க ஊர்ல நான் இருந்தாச்சு, இனிமே எங்க ஊர்ல நீங்க இருங்க" என்றாள். நியாயமான மனு. நிராகரிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே நான்தான் புலம்பெயர்ந்தவன். ஊர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. "சொந்த ஊருக்கு வந்துட்டீங்க, சந்தோசம்தானே?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சொந்தமானது பினாங்கில் ஒரு மாடி ஜன்னலும், அதற்குக் கீழே சீனர் ஒருவரின் காப்பிக்கடையும்தான். வந்த புதிதில் மளிகைக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு, "ஐந்து வெள்ளிதானே?" என்று ரிங்கிட்டைச் சொல்லும் பினாங்குப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வெள்ளி வாங்கணும்னா காஞ்சிபுரம் போங்க சார், இங்க பருப்புதான் விக்கிறோம்" என்றார். இப்போது கவனமாகப் பேசுகிறேன். காலையில் யாராவது எதிரில் வந்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொள்கிறேன். இங்கே அதை "நாஸ்தா ஆச்சா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பது ஒரு ஆறுதல்.

என் நாள் இப்படிப் போகும். காலையில் பெங்களூர் சாலை வரைக்கும் நடை. சாலையோரத்தில் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. மதில் கட்டியாகிவிட்டது; உள்ளே என்ன வரப்போகிறது என்பது காவலாளிக்கே தெரியவில்லை. பிறகு முந்தைய நாள் செய்தித்தாள், சாப்பாடு, தூக்கம். மாலையில் யாராவது ஒருவருடைய மனுவை எழுதிக் கொடுப்பது. பட்டா மாற்றம், மின் இணைப்பு, முதியோர் உதவித்தொகை என்று எது வந்தாலும் எழுதுவேன். எந்த நாட்டு அலுவலகமானாலும் காகிதம் நகரும் விதம் ஒன்றுதான்.

எங்களுக்கு ஒரே மகன், செல்வம். பினாங்கில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் வீடியோ கேம் மெஷின்கள் வைத்துக் கடை நடத்துகிறான். அவன் முதலில் மாதம் ஒருமுறை எழுதினான். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அதன் பிறகு வாழ்த்து அட்டையில் கையெழுத்து மட்டும். காமாட்சி அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டே அவன் இளைத்திருக்கிறானா இல்லையா என்று சொல்வாள்.

போன வருடப் பொங்கலுக்கு முந்தைய மார்கழியில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். கடை வாடகை ஏறிவிட்டது, புதிதாக ஏதாவது செய்ய வேண்டும், இங்கேயே செய்தால் என்ன என்று யோசிப்பதாகச் சொன்னான். காமாட்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவன் தங்குவானா மாட்டானா என்பதைத் தவிர அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருந்ததில்லை. மற்றவற்றைப் பேசும்போதும் அதைத்தான் பேசினோம்.

3

செல்வத்தின் பெட்டியில் துணியைவிட ஒயர் அதிகமாக இருந்தது. ஏகாம்பரத்தின் தொலைக்காட்சிப் பெட்டியில் அதைச் செருகி, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து விளையாடச் சொன்னான். திரையில் ஒரு சுரங்கம். அதில் ஒரு சின்ன மனிதன் மஞ்சள் கல் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாலு பூதங்கள் துரத்தும். மூன்று தடவை பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

ஏகாம்பரம் மூன்று உயிரையும் ஒரு நிமிடத்துக்குள் இழந்தார். "இன்னாடா இது, திரும்பறதுக்குள்ள முழுங்கிட்டு பூடுது. இன்னொரு தபா வை." மின்சாரம் போகும்வரை விளையாடினார். மின்சாரம் வந்ததும் மறுபடியும் விளையாடினார். மாடு கத்தியது அவர் காதில் விழவில்லை. அவர் மனைவி தேவகி வாசலில் நின்று, "அந்த பூதம் உன்ன முழுங்கறதுக்கு முன்ன நான் முழுங்கிடுவேன், எழுந்து வா" என்றாள்.

"பார்த்தீங்களா அப்பா?" என்றான் செல்வம். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "மாமா வயசுல இருக்கிறவரே எழுந்திரிக்க மாட்டேங்கிறார். இதையே பெருசா கட்டினா? திரையில இல்ல, நிலத்துல. ஆளே உள்ள நடந்து போகணும். இந்தச் சுரங்கம் ஒரு உலகம். அடுத்தது விண்வெளி, அடுத்தது கடலுக்கு அடியில. ராட்டினம் வேணாம், யானை சவாரி வேணாம். பூங்கா முழுக்க கேம் மட்டும்தான் லா. மெட்ராஸ்லேர்ந்து பஸ் பஸ்ஸா வருவாங்க." அந்த 'லா' பினாங்கு வாயோடு ஒட்டியது, அவனைவிட்டுப் போகாது.

பினாங்கில் எங்கள் காலத்துக் கேளிக்கைத் திடல்களுக்கு உலகம் என்றுதான் பெயர் வைப்பார்கள் என்பது அங்கத்திய மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றின் உரிமக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போயின. நடன மேடை, குத்துச்சண்டை, சீன நாடகம், பேய் ரயில் எல்லாம் இருக்கும். சோதனைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது வெளியே போகும் வழி. உள்ளே வரும் வழியை எந்த முதலாளியும் மறக்கமாட்டான். இரண்டாவதாகப் பார்ப்பது கழிவறை. மூன்றாவது சாப்பாட்டுக்கடை, ஏனென்றால் எல்லா உலகங்களும் உயிர் வாழ்ந்தது அதனால்தான். பேய் ரயிலில் ஒருமுறை ஏறுவார்கள். மீன் உருண்டை சூப்புக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார்கள்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன். காமாட்சி என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். பேசாதே என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சைகை.

செல்வம் தூங்கப் போனதும், "உங்க ரூல எல்லாம் அவன்கிட்ட எடுத்து வைக்காதீங்க. பூதமோ பிசாசோ, ஏதோ ஒண்ணு கட்டிக்கினு இங்க இருக்கட்டும்" என்றாள்.

என் பணிக்காலத்தில் உரிமம் கிடைக்காது என்று நான் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்பேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை, உண்மையும் இல்லை. கேட்டவர் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவார். காமாட்சிக்கும் அன்று அதையே சொன்னேன்.

4

பெரிதாகக் கட்டுவதற்கு முன்னால் ஒரு உலகத்தை மட்டும் ஒரு நாள் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. நாள், காணும் பொங்கல். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வரும் நாள். இடம், ஏரியை ஒட்டி ஏகாம்பரத்தின் அறுவடை முடிந்த வயல். ஒரு தரகர் அப்போதே அந்த நிலத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "என் மருமவன் அதுல சுரங்கம் தோண்டப் போறான், நீ அப்புறம் வா" என்று ஏகாம்பரம் அவரை அனுப்பிவிட்டார்.

சுவருக்கு வைக்கோல். கட்டுக் கட்டாக ஆள் உயரத்துக்கு அடுக்கி, திரையில் பார்த்த அதே சந்துகள், அதே முட்டுச்சந்துகள். வைக்கோல் என்றதும் எனக்குத் தீ விபத்துக் கோப்புகள் நினைவுக்கு வந்தன. பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கினேன். அவர் தன் வாழ்நாளில் யாரும் இதற்கு அனுமதி கேட்டதில்லை என்றார். தண்ணீர் நிரப்பிய பீப்பாய்கள், மணல் வாளிகள், பம்புசெட் தயார் நிலையில், உள்ளே பீடி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவதாக ஒரு வெளியேறும் வழி.

"கேம்ல அது கிடையாது அப்பா" என்றான் செல்வம்.

"கேமில் தீ பிடிக்காது" என்றேன். அவன் சிரித்தான். அந்த இரண்டு வாரமும் நாங்கள் நன்றாக இருந்தோம். அவன் கயிறு பிடிப்பான், நான் அளப்பேன். பள்ளிக்கூடத்துக்கு அவனைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்ட காலத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எதையும் செய்ததில்லை.

மஞ்சள் கல்லுக்கு, சாயம் பூசிய கொட்டாங்கச்சிகள். பூதங்களுக்கு, ஏகாம்பரத்தின் வயலில் வேலை செய்யும் நாலு வாலிபர்கள். சாயச் சாக்கு உடுப்பு, காகிதக்கூழ் முகமூடி. உள்ளே போகும் ஒவ்வொருவர் சட்டையிலும் மூன்று காகிதச் சீட்டுகளைக் குண்டூசியால் குத்துவது. பூதம் பிடித்தால் ஒன்றைக் கிழிக்கும். மூன்றும் போனால் வெளியே வர வேண்டும். செல்வம் நடுவில் கட்டிய பரண்மேல் ஒலிபெருக்கியோடு ஏறி நின்றான்.

5

காலையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மண்ணூர் மட்டுமல்ல, வல்லம் பக்கத்திலிருந்தும் மாட்டுவண்டிகள் வந்தன. முதல் பத்து நிமிடம் திரையில் பார்த்ததுபோலவே நடந்தது. கூச்சல், ஓட்டம், சிரிப்பு. நான் வெளியேறும் வழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் தொழில் அது.

முதல் பூதம் ஒரு கிழவியை முட்டுச்சந்தில் மடக்கியது. அது ஏகாம்பரத்தின் பெரியம்மா. ஆளைப் பார்த்ததும் பூதம் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வைக்கோல் தூசியில் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தது. காணும் பொங்கலன்று பெரியவர்களைப் பார்த்தால் விழாமல் போவது எப்படி? கிழவி ஆசீர்வாதம் செய்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயமும் கொடுத்தாள்.

"பிடி! சீட்டக் கிழி!" என்று பரண்மேலிருந்து செல்வம் கத்தினான்.

"இன்னா தம்பி பேசற? நம்ம ஆயா சீட்ட நான் கிழிக்கிறதா?" என்றது பூதம்.

அதைப் பார்த்த மற்றப் பூதங்களும் தம் பெரியவர்களைத் தேடிப் புறப்பட்டன. சிறிது நேரத்தில் பூதம் துரத்துவது ஆசீர்வாதத்துக்காக என்று ஆகிவிட்டது. பூதத்தைப் பார்த்தால் கிழவர்கள் ஓடாமல் நின்றார்கள்.

இளவட்டங்களாவது ஒழுங்காக விளையாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவன் மூன்று சீட்டும் போய் வெளியே வந்துகொண்டிருந்தான். எதிரே வந்த அவன் மைத்துனன் தன் சட்டையைப் பார்த்தான். "எனக்கு மூணு கீதே, இந்தா ஒண்ணு வச்சிக்க மச்சான். தனியா இன்னாத்துக்கு வெளிய போய் நிக்கிற?" ஒரு குண்டூசி கை மாறியது. செத்தவன் உள்ளே திரும்பிப் போனான். என் பணிக்காலத்தில் எந்தச் சட்டத்திலும் இதற்கு விதி பார்த்ததில்லை.

தேவகி வந்தாள். மடி நிறைய மஞ்சள் கொட்டாங்கச்சி. "எத்தினி வேணா எடுத்துக்கலாம்னு சொன்னான் உங்க புள்ள. அடுப்புக்கு ஆவும்ணா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவையாக உள்ளே போனாள்.

பதினொரு மணி வெயில் ஏறியதும் ஆட்டம் முழுதாக நின்றது. சுற்றிலும் மொட்டை வயல். நிழல் இருந்தது வைக்கோல் சந்தில் மட்டும்தான். அதிலும் மூன்று பக்கம் அடைத்த முட்டுச்சந்தில் நல்ல நிழல். ஒவ்வொரு முட்டுச்சந்திலும் ஒரு குடும்பம் ஜமுக்காளத்தை விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டது. புளிச்சோறு, வடை, கரும்பு. வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இரண்டு வீட்டார் நடுவில் ஒரு வைக்கோல் சுவரை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சுவருக்கு மேலே ஒரு கை ஊறுகாயை நீட்டியதையும் பார்த்தேன். அதை யாரும் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செல்வம் பரணிலிருந்து இறங்கி ஒவ்வொரு சந்தாக ஓடினான். "அங்கிள், இங்க உட்காரக் கூடாது லா. இதுதான் நீங்க சாகிற இடம்."

"செத்தா சாவறேன், சாப்ட்டுட்டு சாவறேன். நீயும் குந்து" என்றார் ஒருவர். ஒரு பூதம் அங்கே ஏற்கனவே இலை போட்டு உட்கார்ந்திருந்தது.

6

மூன்று நாள் செல்வம் வைக்கோல் கட்டுகளைப் பிரித்துக் களத்துக்குக் கொண்டுபோனான். நாலாம் நாள் மாலை என்னோடு பெங்களூர் சாலைவரை நடந்து வந்தான். ஒரு தொழிற்சாலை மதிலின் ஓரமாக நின்றோம்.

"நீங்க லைசன்ஸ் ஆபீசரா சொல்லுங்க அப்பா. இது நடக்குமா?"

காமாட்சி பக்கத்தில் இல்லை. சோறு போட்டு வாயை அடைக்க ஆளில்லை. "நடக்கும்" என்றேன். "பூதத்தையும் சீட்டையும் எடுத்துவிடு. சந்து இருக்கட்டும். நிழலும் தண்ணீரும் கழிவறையும் ஒரு சாப்பாட்டுக்கடையும் இருந்தால் போதும், வருடம் முழுக்க வருவார்கள்."

"அது கேம் இல்ல அப்பா. அது வெறும் இடம்."

"பூங்கா என்றால் வெறும் இடம்தான்."

"அங்க கடையில ஒருத்தன் மெஷின் முன்னால நின்னா, பக்கத்துல தம்பி நின்னாலும் அவனுக்குத் தெரியாது. தனியா நிக்கத்தான் காசு போடுறான். இங்க ஒருத்தன் தனியா நின்னா, சோத்தைக் குடுத்து உட்கார வச்சிடுறாங்க. இவங்களை வச்சு நான் எந்த உலகத்தைக் கட்டுறது? என்னை இவங்களுக்குத் தேவையே இல்ல லா."

வீட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது ஏகாம்பரத்துக்கு மாடு கத்தியது கேட்கவில்லை. அதே ஏகாம்பரம் வயலில் பூதத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஒன்றுதான். முன்னதில் ஒரு ஆளுக்கு மட்டும் இடம் இருந்தது. பூங்காவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்த ஒரு ஆள் இடத்தில் எப்படி நிற்பார்கள்? இந்த ஊரில் தனியாக இருக்க விரும்புகிறவர்கள் இல்லை என்று அவன் நினைத்தது தவறு. எனக்குத் தெரிந்து ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். ஆனால் காணும் பொங்கலன்று யாரும் அதற்காக வெளியே வருவதில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவனுடைய பயணச்சீட்டு மாறியிருக்காது. மாசி பிறக்கும் முன் அவன் புறப்பட்டான். போகும்போது பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையை நானே கூடப் போய் முடித்துக் கொடுத்தேன். அன்று அந்த மேஜையில் வேறொரு எழுத்தர் இருந்தார்; ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

அவனை விமானம் ஏற்றிவிட்டு மீனம்பாக்கத்திலிருந்து திரும்பியதும் காமாட்சி கேட்டாள், "நடக்குமான்னு அவன் கேட்டானாமே. இன்னா சொன்னீங்க?"

சொன்னேன்.

"ஆபீஸ்ல கண்டவனுக்கெல்லாம் பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லி அனுப்புவீங்களே. பெத்த புள்ளைக்கு ஒரு 'பாக்கலாம்' சொல்ல உங்களுக்கு வாய் வரலியா?"

அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போட்டாள். இரண்டாவது கரண்டி மட்டும் வராது.

7

இந்த வருடம் போகிக்கு முன்னாலேயே ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாபா, இந்த வருசம் வக்கல் சந்து கட்டலியா? புள்ளைங்க கேக்குதுங்க." தரகரிடம் பேச்சு முக்கால்வாசி முடிந்துவிட்டது, அடுத்த பொங்கலுக்கு அந்த வயலில் மதில் நிற்கலாம் என்று ஏகாம்பரமே சொல்கிறார். ஆனாலும் கட்டினார். கயிறு பிடிக்கவில்லை, அளக்கவில்லை. நினைவிலிருந்து கட்டினார்கள். முட்டுச்சந்துகளை மட்டும் போன வருடத்தைவிட அதிகமாக வைத்தார்கள்.

போகியன்று ஸ்ரீபெரும்புதூர் தபால் நிலையத்திலிருந்து பினாங்குக்கு ட்ரங்க் கால் போட்டிருந்தேன். செல்வத்தின் குரலுக்குப் பின்னால் மெஷின்கள் கூவிக்கொண்டிருந்தன. மறுபடியும் கட்டுகிறார்கள் என்றேன். "யாராவது பூதமா வர்றாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்சம் சிரித்தான். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடலாமே என்றான். அதற்குள் நேரம் முடிந்தது.

காணும் பொங்கலன்று வெயில் ஏறியதும் வயலுக்குப் போனேன். உள்ளே நுழைந்து பழக்கத்தில் சுற்றி வந்தேன். பீப்பாய்கள் இருந்தன, மணல் வாளி இருந்தது. இரண்டாவது வழியைக் காணவில்லை. போன வருடம் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்தை வைக்கோல் வைத்து அடைத்து, அங்கே இன்னொரு முட்டுச்சந்தாக்கியிருந்தார்கள். அதில் ஏகாம்பரமும் தேவகியும் காமாட்சியும் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்.

"இங்கே ஒரு வழி இருந்ததே" என்றேன்.

"வாங்கண்ணா, குந்துங்க" என்றாள் தேவகி. "எப்பப் பாரு வெளிய போற வழியவே தேடிக்கினு."

காமாட்சி இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள், "போன் பேசினீங்களே, அடுத்த பொங்கலுக்கு வருவானா?"

அவன் சொன்னது எனக்குத் தெரியும், சொல்லாததும் தெரியும். அடுத்த பொங்கலுக்கு இந்த வயலே இருக்குமா என்பது ஏகாம்பரத்துக்குத் தெரியும்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, இலையில் இரண்டாவது கரண்டியைப் போட்டாள். நான் வைக்கோலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.